ராணி இல்லாத பெட்டி

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் இருபது வருடம் வெல்டிங் வேலை பார்த்தேன். கண் மங்க ஆரம்பித்ததும் விட்டுவிட்டு, மல்லசமுத்திரம் பக்கம் எங்கள் தென்னந்தோப்புக்கே வந்துவிட்டேன். தேனீ வைத்தால் காய்ப்பு கூடும் என்றார்கள். இரண்டு நாள் பயிற்சிக்குப் போய், இரண்டு பெட்டிகளோடு திரும்பினேன். வேலியோரம் நிழலாக இருந்தது. அங்கேயே வைத்தேன்.

ஒருநாள் பெட்டி ஒன்றைத் திறந்து பார்க்கையில், தேனடை கட்டிய மரச்சட்டம் கை நழுவி விழுந்தது. பயத்தில் தேனீக்களை அப்படியே அள்ளித் திணித்து மூடினேன். சில நாளில் அந்தப் பெட்டியின் குணமே மாறிவிட்டது. பத்தடி தள்ளிப் போனாலும் முகத்துக்கு நேராக வந்தன. மற்றது சாதுவாகவே இருந்ததால், இது பொல்லாத கூட்டம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் அக்கா தனியாக இருந்தார். அவருக்கு ஒரே மாடு. அது கன்று போட்டுப் பத்து நாள்.

"ஏனுங்க, அந்தப் பொட்டியக் கொஞ்சம் தள்ளி வெச்சா ஆகாதுங்களா? கன்னுக்குட்டிய இங்கதான் கட்டறேன்" என்றார்.

"நாளைக்கு மாத்திடறனுங்கக்கா."

மாற்றவில்லை. கிட்டப் போகவே பயம். பயம் என்று சொல்ல வெட்கம். ஒரு வாரம் ஓடிவிட்டது.

அன்று மத்தியானம் அவர் கத்தியது கேட்டு ஓடினேன். கன்றின் முகமெல்லாம் தேனீ. ஈரச்சாக்கைப் போர்த்தி, அதன்மேல் அக்கா தானே கவிழ்ந்து கிடந்தார். கயிற்றை அறுத்து அக்காவையும் கன்றையும் தள்ளி இழுத்தேன். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அக்காவைத் தேற்றிவிட்டார்கள். கன்று பொழுது சாயும்முன் செத்துப்போனது.

இருட்டுகிற நேரம், தேனீக்கள் எல்லாம் கூடு திரும்பியதும், பெட்டியின் வாசலைச் சேற்றால் அடைத்துவிட்டு மேலிருந்து சோப்புத் தண்ணீரை ஊற்றினேன். உள்ளே இரைச்சல் அடங்க வெகுநேரம் ஆனது.

காலையில் பயிற்சி கொடுத்தவருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"அடையில முட்டை இருந்துச்சுங்களா?" என்று கேட்டார்.

"பாக்கலீங்க. எனக்குக் கண்ணு அவ்வளவு தெரியாது."

"ராணி போயிருக்கும். ராணி இல்லாட்டி அப்படித்தான் சீறும். அடுத்த பொட்டியிலிருந்து முட்டை இருக்கிற அடை ஒண்ணு எடுத்து வெச்சிருந்தா, அதுகளே புது ராணிய உண்டாக்கியிருக்குமுங்க."

மனைவியின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு அடை அடையாகப் பார்த்தேன். ஒரு முட்டைகூட இல்லை. சட்டம் விழுந்த அன்றே ராணியை நசுக்கியிருக்கிறேன்.

அக்காவிடம் போய் என் தப்பைச் சொன்னேன். எங்கள் தோப்பில் நிற்கும் மாடுகளின் கன்றுகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

"உங்க கன்ன எம்மாடு சேத்துக்காதுங்க" என்றார். முகத்தில் வீக்கம் வடியவில்லை.

மாடு ராத்திரி பகலாகக் கத்தியது. பால் சுரக்க மறுத்தது. கடைசியில் விற்றுவிட்டார். ஏற்றிப்போக டெம்போ வந்த அன்று மாடு பலகையில் ஏறாமல் முரண்டு பிடித்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த என்னை அவரே கூப்பிட்டார்.

"பின்னாலிருந்து கொஞ்சம் தள்ளி உடுங்க."

போய்த் தள்ளினேன். மாடு ஏறியது.