சோப்பு வாசனை

எங்கள் ஏரி மீன் ஊருக்கே பொது. எல்லோரும் கூடி வலை போடும் நாள்வரை யாரும் தொடக்கூடாது. முறைவைத்துக் காவல் இருப்போம். காவல் மாற வருகிறவர் முதலில் நம் கையை மோந்து பார்ப்பார். என்ன கருமமோ, அதுதான் கட்டுப்பாடு.

அன்று என் முறை. விடிந்தபோது மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு திணறின. வானம் மப்பு மூடி நின்றால் அப்படி ஆவது உண்டுதான். ஆனால் மீன் பிடிக்க நான்தான் தண்ணீரில் மருந்து கலந்தேன் என்பார்களே. கரையில் துடித்த ஒன்றை அள்ளி ஆழத்தில் விட்டேன். அப்புறம்தான் கையின் கவிச்சி உறைத்தது. துவைக்கிற கல்லில் கிடந்த சோப்புத் துண்டை எடுத்துத் தோல் எரியத் தேய்த்தேன்.

காவல் மாற வந்த பக்கத்து வீட்டு அக்கா மீன்களைப் பார்த்தாள். என் கையை மோந்தாள்.

"இன்னாத்துக்குடி சோப்பு போட்ட?" என்றாள்.