வாய் திறக்காத உத்தியோகம்

டொபித் தாளைப் பிரித்து, டொபியைக் கடிக்காமல் கன்னத்தின் ஓரமாக ஒதுக்கிக்கொண்ட பிறகுதான் நிலக்ஷனா எதிரில் இருப்பவரிடம் போனைக் கொடுப்பாள். சொல்ல வேண்டியதையெல்லாம் அதற்கு முன்பே மூச்சு விடாமல் சொல்லி முடித்திருப்பாள். "இது பரீட்சை இல்லீங்க. நீங்க பெயிலாக மாட்டீங்க. பெயிலானா இந்த ஆப்புதான் ஆகும். ஒரு பயணம் போறதுக்கு இதுல திட்டம் போடுங்க. மனசுல என்னா தோணுதோ அத வாய்விட்டு சொல்லிக்கிட்டே செய்ங்க. கடைசியில 'சேமி'ன்னு ஒன்னு வரும், அத அமுக்கிட்டா வேல முடிஞ்சிரும். நான் மட்டும் பேச மாட்டேன், கோவிச்சுக்காதீங்க." அதோடு டொபி உள்ளே போய்விடும். டொபி கரையும்வரை பேச்சு வராது என்பது அவள் போட்ட கணக்கு. வராமலா இருக்கும்? குழறிக்கொண்டு வரும்.

கொழும்பில் ஒரு கம்பனி, ஊர் சுற்றப் போகிறவர்களுக்குப் பயணத் திட்டம் போட்டுத் தரும் செயலி ஒன்றைச் செய்திருக்கிறது. எங்கிருந்து புறப்படுகிறீர்கள், எங்கே போகிறீர்கள், எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டு, பஸ், ரயில், பார்க்க வேண்டிய இடம் என்று எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கித் தரும். அதைத் தமிழில் வெளியிடுவதற்கு முன்னால் சாதாரண சனங்களின் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும். யார் எங்கே தடுமாறுகிறார்கள், எதைத் தப்பாக அமுக்குகிறார்கள், எந்த இடத்தில் வெறுத்துப்போய் போனைக் கீழே வைக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். ஊவா மாகாணத்துத் தமிழர்கள் மத்தியில் இதைச் செய்யும் ஆள் நிலக்ஷனா. பார்க்கலாம், ஆனால் உதவக்கூடாது. உதவினால் அந்தப் பரிசோதனையைக் குப்பையில் போட வேண்டியதுதான்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த நிலக்ஷனா இத்தனை காலமும் அப்படித்தான் பிழைத்து வந்தாள். பஸ்ஸில் ஏறினால், யார் எந்த ஹோல்டில் இறங்க வேண்டும் என்பதைக் கண்டக்டருக்கு முன்னால் இவள் சொல்லிவிடுவாள். வெலிமடைச் சந்தைக்குப் போனால், தான் வாங்க வந்த கரட்டை மறந்துவிட்டு, முன்பின் தெரியாத ஒரு அம்மாவுக்கு லீக்ஸ் பேரம் பேசிக்கொண்டு நிற்பாள். பண்டாரவளையில் பஸீல் நானாவின் போன் கடையில் நின்ற காலத்தில் அவள் வாயில் சதா இருந்த வாசகம், "கொண்டாங்க, நான் செஞ்சு தாறேன்." சனம் இவளைத் தேடிக்கொண்டு வந்தது. "அந்தப் புள்ள இல்லையா?" என்று கேட்டுவிட்டு, இல்லையென்றால் திரும்பிப் போய்விடும். பஸீல் நானா தலையில் அடித்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் இப்படிப்பட்ட வேலையில் உட்கார வைத்தால் என்னவாகும்? முதல் மாதத்தில் கொழும்புக்கு அனுப்பப் பதிவு செய்த வீடியோக்களில் சோதிக்க வந்தவர்களின் குரலைவிட இவள் குரல்தான் அதிகம். "அந்தப் பச்சைய அமுக்குங்க மாமா. அதில்ல, அதுக்குக் கீழ. ஆங்." கொழும்பிலிருந்து இவற்றைப் பார்க்கும் மேலாளர் தயானிக்குத் தமிழ் அரைகுறையாகத்தான் புரியும். ஆனால் நிலக்ஷனாவின் குரல் கேட்டதும் அது பிழை என்று மட்டும் நன்றாகப் புரியும். திட்டு விழுந்த பிறகு வாயை அடக்கினாள். அடக்கியதும் தலை ஆடத் தொடங்கியது. சரியான இடத்துக்கு விரல் போனால் மேலும் கீழும், தப்பான இடத்துக்குப் போனால் பக்கவாட்டில். "நங்கி, ஒங்க தலையும் ஹெல்ப் பண்ணுது," என்றாள் தயானி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, தங்கச்சியிடம் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அதுதான் இவளுக்கு இன்னும் வலித்தது.

கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர். தயானி கொழும்பிலிருந்து நேரடியாகப் பார்ப்பாள். ஐந்து பேரும் 'சேமி' வரை போனாலும் சரி, பாதியில் விட்டுப் போனாலும் சரி, நிலக்ஷனாவின் வாயும் தலையும் கையும் சும்மா இருந்தால் வேலை நிரந்தரம். ஒன்று அசைந்தாலும் கொழும்பிலிருந்து வேறு ஆள் வரும். நிலக்ஷனாவுக்கு இந்த வேலை உயிர். காசுக்காக மட்டும் இல்லை. மனிதர்கள் ஒரு புதிய சாமானைக் கையில் எடுத்து முதல் தடவை அதை உருட்டிப் பார்க்கிற நேரத்து முகத்தை இவ்வளவு கிட்ட இருந்து பார்க்கிற வாய்ப்பு வேறு எந்த உத்தியோகத்தில் கிடைக்கும் என்று கேட்பாள். கேட்கத் தொடங்கினால் நிறுத்த மாட்டாள்.

அந்த ஞாயிறு, காலைப் பூசையை முடித்த கையோடு வெள்ளைக்காரர்கள் சுற்றிப் பார்க்க வரும் எல்ல என்ற ஊருக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு வந்துவிட்டாள். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் இடம் தந்திருந்தார்கள். அம்மாமார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும். சுவரில் வரைந்த முயல், யானை. உட்கார இருந்ததெல்லாம் மூன்று வயசுப் பிள்ளைகளுக்கான கதிரைகள். மேசையில் மடிக்கணினி, அதில் தயானியின் முகம், பக்கத்தில் பதிவாகிறது என்று காட்டும் சிவப்புப் புள்ளி.

முதல் நாலு பேரும் எப்படியோ கடந்துபோனார்கள். பரீட்சை இல்லை என்று எத்தனை தரம் சொன்னாலும் மாணிக்கராஜ் ஐயா சட்டைப் பையில் பேனை குத்திக்கொண்டுதான் வந்தார். எதைக் கேட்டாலும் "நல்லாத்தான் இருக்கு" என்றார், செய்தவர்கள் மனசு நோகக்கூடாதாம். ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை அமுக்கும் முன்னும் நிலக்ஷனாவின் முகத்தைப் பார்த்தார்கள். "அமுக்கவாங்க?" காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் கங்காணி சொன்ன மலைக்குப் போய்ப் பழகிய சனம், போனிலும் அனுமதி கேட்டுத்தான் விரல் வைக்கிறது. இவள் சுவரில் இருந்த முயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து வலித்தது, ஆனால் தலை ஆடவில்லை.

ஐந்தாவதாக வந்தவர் விஜயலெட்சுமி அக்கா. எல்ல ரோட்டைப் பார்த்த மலையில் கொழுந்து எடுப்பவர். அந்த ரோட்டில் போகிற வெள்ளைக்காரர்கள் எல்லாரும் வான் வண்டியை நிறுத்திவிட்டு அவரைப் போட்டோ எடுத்துக்கொண்டுதான் போவார்கள். "நில்லு, சிரி, நில்லு, சிரின்னு என் அரைக்கிலோ கொழுந்து அதுலயே போயிரும்," என்றபடி சின்னக் கதிரையில் தன்னைத் திணித்து உட்கார்ந்தார். போனை வாங்கினார். வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கவே தேவையில்லை.

"எங்கேருந்து பொறப்படுறீங்க? இங்கேருந்துதான்." தோட்டத்தின் பெயரை எழுத்துக்கூட்டி அடித்தார். "எங்க போறீங்க? எல்லவுக்குத்தான். ஏன் புள்ள, ஒலகமே எல்லவுக்கு வருது. நாங்க போனா மா, சீனி வாங்கிட்டு அடுத்த பஸ்ல வந்துருவோம். அந்த ஒம்போது வளைவு ரயில் பாலத்துல கையில சாமானில்லாம ஒரு நாள் நடக்கணும்." செயலி, பார்க்க வேண்டிய இடங்களைப் படத்தோடு காட்டியது. பாலம் வந்தது. அருவி வந்தது. மூன்றாவது படத்தில் அவருடைய விரல் நின்றுவிட்டது.

"கொ-ழு-ந்து ப-றி-க்-கும் பெண்-களைக் கா-ண-லாம். முக்கால் மணி நேரம்." வாசித்துவிட்டுப் படத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். "அடியே, இது நம்ம மலைதான. இந்தா, அந்தப் பெரிய கல்லு. அதுக்குப் பக்கத்துலதான் நான் கொழுந்தெடுக்குற நெரை." சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. பிறகு சிரிப்பு அடங்கி, குரல் மாறியது. "இதையும் போடுறேன். கூடையில்லாம போயி அந்தக் கல்லுல ஒக்காந்து பாக்கணும். இத்தன வருசமா கொழுந்தத்தான் பாத்தேன், மலையப் பாக்கல."

மூன்று வருடம் கடையில், இத்தனை மாதம் இந்த வேலையில், இப்படி ஒரு ஆளை நிலக்ஷனா பார்த்ததே இல்லை. எல்லாரும் சொன்னதைச் செய்தார்கள். இந்த அம்மா நிசமாகவே பயணம் புறப்பட்டுவிட்டார். எழுந்து ஒரு ஆட்டம் போட வேண்டும்போல் இருந்தது. போடவில்லை.

அக்கா மலையின் படத்தை அமுக்கினார். திரையில் சிவப்பு எழுத்து வந்தது. புறப்படும் இடமும் சேரும் இடமும் ஒன்று, வேறு இடத்தைத் தெரிவு செய்யவும்.

மறுபடி அமுக்கினார். மறுபடியும் அதே எழுத்து. "ஏன் ஆகாது? வெள்ளக்காரன் போனா ஆகும், நான் போனா ஆகாதா?" இன்னொரு தரம். திரை மசியவில்லை. அக்கா போனை விட்டுவிட்டு நிலக்ஷனாவைப் பார்த்தார். புறப்படும் இடத்தை மாற்றிவிட்டால் போதும். மேலே, முதல் வரி. விரலை வைத்து வேறு ஊரைப் போட்டால் தீர்ந்தது. அது நிலக்ஷனாவின் நாக்கு நுனியில் வந்து நின்றது. டொபி எப்போதோ கரைந்துவிட்டிருந்தது. வேலை போனால் போகட்டும் என்று ஒரு மனம் சொன்னது. போய்விடும் என்று இன்னொரு மனம் சொன்னது. பல்லைக் கடித்துக்கொண்டு முயலைப் பார்த்தாள்.

"எனக்கு வெளங்கல புள்ள," அக்காவின் குரல் இறங்கிப்போயிருந்தது. "படிச்சவங்க யாரையாச்சும் கூப்புட்டுக் கேளு. நம்மளால ஆகாது."

போனை மேசையில் வைத்தார். பெயிலாகப் போவது ஆப்புதான், நீங்கள் இல்லை என்று கத்த வேண்டும்போல் நிலக்ஷனாவுக்கு இருந்தது. திரையில் தயானி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்தார். கூடவே கதிரையும் எழுந்தது. இடுப்பில் வகையாக மாட்டிக்கொண்டுவிட்டது. இந்தப் பக்கம் திரும்பினார், அந்தப் பக்கம் திரும்பினார், கதிரை விட்டபாடில்லை. "அட சனியனே, பச்சப்புள்ளைங்க கதிரைக்கு இம்புட்டுப் பிடிவாதமா," என்று மறுபடி பொத்தென்று உட்கார்ந்தார். வாயைப் பொத்திக்கொள்ளக்கூடக் கையை எடுக்காமல் நிலக்ஷனா சிரிப்பை எப்படி விழுங்கினாள் என்பது அவளுக்கே தெரியாது.

உட்கார்ந்த இடத்தில் போன் கண்ணெதிரே இருந்தது. அக்கா அதை முறைத்தார். "எங்கேருந்து பொறப்படுறீங்கன்னுதான் மொதல்ல கேட்டது, என்னா?" என்று அதனிடமே கேட்டார். "லயத்துலேருந்து போனாத்தான ஆகாது. ஸ்டேசன்லேருந்து வந்தா?"

போனை எடுத்தார். மேலே போனார். தோட்டத்தின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். எல்ல ரயில் நிலையம் என்று வந்ததை அமுக்கினார். "நாங்க காலங்காத்தால எறங்கிப் போயி ஸ்டேசன்ல நின்னுக்குறோம். அங்கேருந்து வந்தா நாங்களும் விருந்தாளிதான." சிவப்பு எழுத்து போய்விட்டது. ஸ்டேசன், பாலம், சாப்பாடு, மலை என்று பயணம் வரிசையாக விரிந்தது.

எத்தனை பேர் என்று கேட்டது. பக்கத்தில் ஒரு கூட்டல் குறி. அக்கா தன்னோடு கொழுந்தெடுக்கும் பெண்களின் பெயரைச் சொல்லிச் சொல்லி, பெயருக்கு ஒரு அமுக்காக அமுக்கினார். லோகேஸ்வரி, பார்வதி, கிட்ணம்மா, அவளுடைய நாத்தனார். பன்னிரண்டில் வந்து நின்றது. கீழே 'சேமி'. விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அமுக்கவா?" என்றார்.

நிலக்ஷனா சுவரில் இருந்த முயலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்னயக் கேட்டு என்னா ஆகப்போவுது. என் பயணம்," என்று சொல்லி அமுக்கினார். டிங் என்று மணி அடித்தது.

தயானி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டாள். ஐந்து பேர். வாய், தலை, கை மூன்றும் சுத்தம். நிலக்ஷனா சிவப்புப் புள்ளியை அணைக்க மடிக்கணினிப் பக்கம் திரும்பினாள். அதற்குள் அக்கா போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டிவிட்டார். சேமித்த பயணத்துக்குக் கீழே பன்னிரண்டும் கூட்டல் குறியும் இன்னும் இருந்தன.

"இன்னொரு ஆளுக்கு எடமிருக்கு. வாற ஞாயித்துக்கெழமதான், நீயும் வாறியா புள்ள?"

புள்ளி இன்னும் சிவப்பாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. தயானி பார்த்துக்கொண்டிருந்தாள். நிலக்ஷனா வாயைத் திறக்கவில்லை. கையை நீட்டி, கூட்டல் குறியை ஒரு தடவை அமுக்கினாள்.