எங்களுக்கு ஒரு பூனை தெரியும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் திரும்பும் பேருந்தில் நடந்தது இது.

என் மகள் பிரான்சில் ஒரு பிரெஞ்சுக்காரரை மணந்து அங்கேயே இருக்கிறாள். பேத்திக்கு நாலு வயது. பிரெஞ்சு மட்டும்தான் பேசுவாள். மனைவி காலமானபின் ஓசூரில் வாடகை வீட்டில் நானும் ஒரு பூனையும். ஞாயிறுதோறும் வீடியோ அழைப்பில் பேத்தி என்னை மூன்று விநாடி பார்ப்பாள், பிறகு ஓடிவிடுவாள். குறை சொல்ல முடியாது. கண்ணாடியில் எனக்கே அதற்குமேல் தாங்காது.

அவளை இன்னும் கொஞ்சம் நிறுத்திவைக்கத்தான் ஐம்பத்தாறு வயதில் பிரெஞ்சு படிக்க ஆரம்பித்தேன். வினைச்சொற்களை அசை அசையாகப் பிரித்துத் தமிழில் எழுதிக்கொள்வேன். ‘எங்களிடம் ஒரு பூனை இருக்கிறது’ என்று சொல்ல நினைத்து, ‘நூ-ஸா-வோன்’ என்று தொடங்கினேன். பேத்தி சிரித்துவிட்டு ஓடிவிட்டாள். மகள்தான் விளக்கினாள்: நான் சொன்னதற்கு ‘எங்களுக்கு ஒரு பூனை தெரியும்’ என்று பொருளாம். அந்த ‘ஸா’வை ஆங்கில ‘z’ போல அதிர்த்துச் சொன்னால்தான் பூனை நம்முடையதாகுமாம்.

அன்று பேருந்தில், தொடையில் தட்டித் தட்டி அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். குருபரப்பள்ளியில் கம்பெனிச் சீருடையோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

“சார், இது மந்திரமா, யாரையாச்சும் திட்டறீங்களா?”

விஷயத்தைச் சொன்னேன். அவர் வீட்டில் உருது பேசுகிறவர். பேச ஆரம்பித்த நாளிலிருந்தே அந்த ஒலி அவர் வாயில் உண்டு. எனக்கோ அதைத் தமிழில் எழுதக்கூட எழுத்தில்லை. ‘ஸ’வை இழுத்தபடியே தொண்டையில் கைவைக்கச் சொன்னார்.

“உள்ள வண்டு பறக்கணும் சார்.”

இருவரும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு ரீங்கரித்தோம். முன்சீட்டுப் பெண்மணி தன் குழந்தையை ஜன்னல் பக்கம் மாற்றி உட்காரவைத்தார்.

நடுவில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார், “எங்ககிட்டன்னா, வீட்ல யார் யாரு சார்?”

“நானும் பூனையும்.”

அவர் சிரிக்கவில்லை. “இன்னொரு தரம் சொல்லுங்க” என்றார்.

சூளகிரியில் இறங்க வேண்டியவர் இறங்கவில்லை. என் வண்டு இன்னும் பறந்தபாடில்லை. அடுத்த நிறுத்தத்துக்குச் சற்று முன்னால்தான் அது பறந்தது. “வந்துருச்சு பாருங்க” என்று எழுந்து இறங்கி, தூறலில் சாலையைக் கடந்து, வந்த வழியே திரும்பிப் போகப் பேருந்துக்கு நின்றார். பிரெஞ்சில் ஒருவரிடம் பெயர் கேட்பது எப்படி என்பது மூன்றாம் பாடம். தமிழில் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த வாக்கியத்தைச் சொன்னேன். ஓடப்போன பேத்தி நின்றாள். திரும்பி வந்து, ஏதோ நீளமாகக் கேட்டாள். ஓர் அசைகூட எனக்குப் பிடிபடவில்லை. பூனையைத் தூக்கிக் காட்டினேன். அதைத்தான் கேட்டிருப்பாள் போல. முழுதாக நாலு நிமிடம் இருந்தாள்.

‘நாங்கள்’ என்று பொருள்படும் அந்த ‘நூ’வைப் பிரெஞ்சில் எழுதும்போது கடைசியில் வரும் ‘s’ தனியாக நின்றால் ஊமை, பக்கத்தில் ஓர் உயிரெழுத்து வந்து உட்கார்ந்தால்தான் அதற்குக் குரல் வரும் என்று பின்னால் இலக்கணப் புத்தகத்தில் படித்தபோது, இது சூளகிரி தாண்டியபோதே எனக்குத் தெரிந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன்.