முதல் பேஸில் ஆளில்லை

லிஃப்ட் ரிப்பேர் செய்கிற அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பாதி மாடியில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களையே, "கத்தினா கயிறு நகருமா, சும்மா இருங்க" என்று அடக்கிவிடுவாள். பிள்ளைகள் அவளை ஸ்பேனர் அத்தை என்பார்கள். எட்டு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் எண்ணெய்க் கறை படிந்த வேலைச் சட்டையோடே மைதானத்துக்கு வந்து, அண்ணன் நடத்தும் பேஸ்பால் அணியில், அடிக்கிறவனுக்குப் பின்னால் குந்தி பந்து பிடிக்கும் கேட்சர்களைப் பழக்குகிறாள்.

அன்று கொட்டகைச் சுவரில் அண்ணன் ஒட்டிய பட்டியலைப் பார்த்ததும் அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கடைசி ஆட்டத்துக்கான பெயர்களில் அவள் பழக்கிய கேட்சர், தையல்காரர் மகள், இல்லை.

"ஏண்ணே, அந்தப் பொண்ணு எங்க?"

"போன வாரம் பாத்தியே. மூணாவது ஸ்ட்ரைக்கு, கைக்குள்ள வந்த பந்த விட்டுட்டா. ஜெயிச்ச ஆட்டம் போச்சு."

மூன்று முறை தவறவிட்டால் அடிக்கிறவன் அவுட். ஆனால் அந்த மூன்றாவது பந்தை கேட்சர் கீழே விட்டுவிட்டால் ஆட்டம் இன்னும் முடியவில்லை. அவன் மைதானத்து மூலையில் இருக்கும் முதல் பேஸுக்கு ஓடலாம். அவனுக்கு முன்னால் பந்து அங்கே நிற்கிற ஆள் கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அவன் அவுட். தாழ வரும் பந்து எந்தக் கொம்பன் கையிலிருந்தும் நழுவும். அதனால்தான் அவள் அதையே பழக்கினாள். முகமூடியைக் கழற்றி வீசு, பந்தைத் தேடு, வெறுங்கையால் அள்ளு, திரும்பி எறி. நாளுக்கு அறுபது தடவை.

அந்தப் பெண் அதில் ஒன்றையும் விடவில்லை. பந்தை அள்ளித் திரும்பினாள். முதல் பேஸில் ஆளில்லை. அங்கே நிற்கவேண்டிய அண்ணன் மகன், ஜெயித்தாகிவிட்டது என்று கையுறையை மேலே வீசிவிட்டு பந்தெறிந்த பிட்சரைக் கட்டிப்பிடிக்க ஓடியிருந்தான். அவள் யாருக்கு எறிவாள்? ஓடியவன் தப்பினான், அடுத்து வந்தவன் அடித்த ஒரே அடியில் ஆட்டம் கைமாறியது.

"உன் புள்ள குதிக்கப் போனான், பழி மட்டும் அவ தலையிலயா? நல்லா இருக்குண்ணே உன் நியாயம்."

"சின்னப் பையன், சந்தோஷத்துல ஓடிட்டான்."

"அவளுக்கு என்ன, நாப்பது வயசா?"

"அவ பிடிச்சிருந்தா இந்தப் பேச்சே இல்ல. விடு."

பெஞ்சில் அந்தப் பெண் முழங்கால் கவசத்தின் பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள், தன் இடத்துக்கு வந்த புதுப் பையனிடம் கொடுக்க.

"கழட்டாத, அப்படியே இரு," என்றாள் ஸ்பேனர் அத்தை. பிறகு அண்ணனிடம் திரும்பினாள். "நான் பிடிக்கிறேன். நீ முதல் பேஸ்ல நில்லு. பிட்சர் எறியட்டும், உன் புள்ள அடிக்கட்டும். நான் விட்டா என்னையும் தூக்கிடு."

அண்ணன் சிரித்துக்கொண்டே மகனின் கையுறையை மாட்டிக்கொண்டு போனார்.

இரண்டு பந்துகளை அண்ணன் மகன் தவறவிட்டான். மூன்றாவது தாழ வந்தது. அவன் சுற்றிய மட்டையில் படாமல் அவள் கையுறையில் டொப்பென்று விழுந்தது. "சரி, பிடிச்சிட்ட, போதும்" என்று அண்ணன் கையுறையை உருவிக்கொண்டே கொட்டகைப் பக்கம் நடந்தார்.

பந்து கையுறையில் இல்லை. அவள் வேண்டுமென்றே விடவில்லை, அதுவாகவே நழுவி மண்ணில் கிடந்தது. அதைக் கண்ட பையன் ஓட்டம் பிடித்தான். அவள் அள்ளித் திரும்பினாள். பேஸ் காலி. அண்ணனின் முதுகுதான் தெரிந்தது.

அவள் எறியவில்லை. பந்தை உயர்த்திப் பிடித்தபடி நின்றாள். போன வாரம் அந்தப் பெண்ணும் இப்படித்தான் நின்றாள்.

பேஸை மிதித்த பையன் அப்பாவையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்பா, இங்க யாருமே இல்லப்பா."

அண்ணன் திரும்பினார். பந்தைப் பார்த்தார், தாம் விட்டுவந்த பேஸைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

"சரி, அவளே ஆடட்டும்."

"என்கிட்ட சொல்லி என்ன புண்ணியம்? அவகிட்ட சொல்லு."

அண்ணன் பெஞ்சுக்குப் போனார். "நீ பந்த விட்டது பெரிய தப்பில்லம்மா," என்று இழுத்தார்.

அந்தப் பெண் பட்டையை மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எறிய ஆளில்லாம நின்னேன் சார். எல்லாரும் என்னைப் பாத்துத்தான் கத்துனாங்க. நீங்கதான் முதல்ல கத்துனீங்க."



"இன்னிக்கு அறுபது தடவை," என்றாள் ஸ்பேனர் அத்தை. அவள் கோபம் துளியும் இறங்கவில்லை. "அவ எறிவா. அப்பனும் மகனும் மாத்தி மாத்தி அந்த பேஸ்ல நில்லுங்க."

அண்ணன் கையுறையை மாட்டிக்கொண்டு போய் நின்றார்.