மெட்டுக்குச் சொந்தக்காரர்

ஆல்கொட்டின் வாய் வருடத்தில் ஒரு நாள்தான் திறக்கும். மற்ற நாட்களில் அவர் ஸ்வீடனில் தல்விக் என்ற ஊரின் பனி வழிக்கும் வண்டி ஓட்டுநர். ஊர் கண் விழிப்பதற்குள் சாலையை வழித்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுவார். கல்யாணம் இல்லை. கடைக்காரரிடம் 'ம்', தபால்காரரிடம் 'ம்ம்'. அதற்குமேல் ஒரு சொல் வாங்க முடியாது.

ஆனால் நடுக்கோடைத் திருநாளில், இலையும் பூவும் சுற்றிய கம்பத்தை ஊரே சேர்ந்து தூக்கி நிறுத்தியதும், அந்த மனிதர் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி மைக்கைப் பிடிப்பார். அடுத்து வருவது தவளைப் பாட்டு. ஸ்வீடன் முழுக்கப் பெரியவர் சிறியவர் எல்லாரும் கம்பத்தைச் சுற்றித் தவளையாகக் குதிக்கிற பாட்டு.

"இந்த மெட்டு எங்க தாத்தா போட்டது" என்று தொடங்குவார். குளக்கரை வீடு, தொட்டிலில் அழுகிற குழந்தை, வெளியே தவளைச் சத்தம், அதிலிருந்து பிறந்த மெட்டு. ஒரு நிமிடக் கதை. கொஞ்சமும் திக்காமல் சொல்வார். முப்பத்து நான்கு வருடமாகச் சொல்கிறார். அதற்கு முன் அவருடைய அப்பா சொன்னார். ஊர் கைதட்டும், குதிக்கும். ஆல்கொட் மட்டும் பெட்டி மேலேயே நிற்பார். சின்ன வயதில் அப்பாவோடும் அங்கேதான் நின்றார். மெட்டுக்குச் சொந்தக்கார வீட்டுப் பிள்ளை புல்லில் உருளலாமா? குளக்கரையில் 'மெட்டு பிறந்த இடம்' என்று ஒரு பலகை வேறு. மே மாதம் பிறந்தால் அதற்குப் புது வண்ணம். சிரிக்காதீர்கள். அந்த ஒரு நிமிடத்தை நம்பித்தான் அவர் மீதி வருடத்தை ஓட்டினார்.

அவருக்கு எழுபத்தொரு வயதான திருநாள் காலை, அவரோடு பள்ளியில் படித்த குன்வோர் அம்மா அக்கார்டியன் என்ற துருத்தி வாத்தியத்தை எடுத்து மெட்டை வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏரிக்கரையில் வண்டி நிறுத்தித் தங்கியிருந்த சொலாஞ் என்ற பிரெஞ்சுக்கார அம்மா காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். நிமிர்ந்தார். இடது, வலது என்று படைவீரர் நடையில் புல்வெளியைச் சுற்றி வந்தார், அதே மெட்டை வாய் நிறையத் தன் மொழியில் பாடிக்கொண்டே.

"என்னம்மா பாடுறீங்க?" கம்பத்துக்கு இலை கட்டிக்கொண்டிருந்த ஆல்கொட் கேட்டார்.

"எங்க பட்டாளத்துப் பாட்டுங்க. ரொம்ப ரொம்பப் பழசு. எண்ணெயில வதக்கின வெங்காயம் இருந்தா போதும்னு சிப்பாய்ங்க பாடிக்கிட்டே சண்டைக்குப் போவாங்க. உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

ஆல்கொட் குன்வோரைத் திரும்பிப் பார்த்தார். "பொய்னு சொல்லுடீ."

குன்வோர் அக்கார்டியனை மடக்கிக் கீழே வைத்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"இருபது வருஷமா தெரியும்டா. பேப்பர்லயே வந்துச்சு."

"வேற யாருக்குத் தெரியும்?"

"ஊருக்கே தெரியும். அன்னிக்கு உன் பேப்பர் மழையில நனைஞ்சுடுச்சுன்னு தபால்காரர் சொன்னாரே, ஞாபகம் இருக்கா? அந்த மாசம் ஒரு சொட்டு மழை இல்ல. நீயும் நம்பின!"

"தாத்தா பொய் சொன்னாரா?"

"பிள்ளைக்குத் தொட்டில் ஆட்டுற மனுஷன் மெட்டுக்கு விலாசமா கேப்பாரு? வாயில வந்துச்சு, பாடினாரு."

"ஏன் ஒருத்தரும் என்கிட்ட சொல்லல?"

"வருஷத்துல ஒரு நாள் பேசுற. அதையும் பிடுங்கச் சொல்றியா?"

ஆல்கொட் குளக்கரைக்குப் போய்ப் பலகைக்கு எதிரே உட்கார்ந்தார். முதலில் வெட்கம் பிடுங்கித் தின்றது. பிறகு வெட்கத்தை ஓரம் தள்ளிக்கொண்டு வேறொன்று வந்தது. பசித்த வயிற்றோடு, தோளில் துப்பாக்கியோடு, யாரோ முகம் தெரியாத பையன்கள் பாடிய மெட்டு எத்தனை எல்லைகளைத் தாண்டி, எத்தனை வாய்கள் மாறி, இந்தக் குளக்கரையில் தன் அப்பாவைத் தூங்க வைத்திருக்கிறது! அதைவிடப் பெரிய அதிசயம் இந்த ஊர். இரண்டு மடக்குச் சாராயம் உள்ளே போனால் யார் வீட்டு விறகை யார் திருடினார்கள் என்பது வரை கொட்டிவிடுகிற ஜனம், இருபது வருடம் இந்த ஒன்றை மட்டும் கொட்டவில்லை.

மதியம் இரண்டு மணிக்குக் கம்பம் எழுந்தது. ஆல்கொட் பெட்டி மேல் ஏறினார். பழைய கதையையே சொல்லியிருக்கலாம். ஊர் வழக்கம்போல் கைதட்டியிருக்கும்.

"இந்த மெட்டு எங்க தாத்தா போட்டதில்ல" என்றார்.

அக்கார்டியனில் கை வைத்திருந்த குன்வோர் நிமிர்ந்து பார்த்தார்.

"பிரான்ஸ் சிப்பாய்ங்க பாடினது. சாகப் போற வழியில வெங்காயத்தை நெனச்சுப் பாடியிருக்காங்க. அவங்கள்ல எத்தனை பேர் வீடு திரும்பினாங்களோ தெரியாது. பாட்டு மட்டும் நடந்து நடந்து நம்ம ஊருக்கு வந்து, துப்பாக்கியைப் போட்டுட்டுத் தவளையாயிடுச்சு." கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். "உங்களுக்கெல்லாம் தெரியும்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். இருபது வருஷம்... நீங்க... நீங்க..."

அதற்குமேல் திக்கியது. யாரும் கைதட்டவில்லை. குன்வோர் மூக்கைத் துடைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார், முதல் வரியிலேயே தப்பாக.

ஆல்கொட் பெட்டியிலிருந்து இறங்கினார். வட்டம் விலகி இடம் விட்டது. ஒரு பக்கம் சொலாஞ், மறுபக்கம் தபால்காரர்.

"முட்டி பத்திரம்டா!" என்று கத்தினார் குன்வோர்.

எழுபத்தொரு வருடமாகத் தன்னுடையது என்று நினைத்து விலகி நின்று பார்த்த பாட்டில், அது தன்னுடையது இல்லை என்று தெரிந்த அன்று, ஆல்கொட் முதல் முறையாகக் குதித்தார்.