டிம்மர் போட்ட இரைச்சல்

என் வீட்டுக்காரர் காதுக்குக் கருவி மாட்டி இன்று இரண்டாவது நாள். காலையிலேயே அதைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார்.

“ஹால்ல உக்கார முடியல. வண்டு மாதிரி ஒரே இரைச்சல். இது நமக்கு ஆவாது புள்ள” என்றார்.

எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. கருவிதான் கோளாறு என்று நினைத்தேன். இத்தனை வருடம் கத்திக் கத்திப் பேசியவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“ஏனுங்க, இன்னொருக்கா மாட்டிட்டு, எங்கிருந்து வருதுன்னு காட்டுங்க” என்றேன்.

பனிமூட்டத்தில் ஹால் இருட்டாக இருந்ததால் விளக்கைக் குறைந்த வெளிச்சத்தில் போட்டிருந்தோம். அதன் டிம்மர் சுவிட்சுக்கு முன்னால் போய் நின்றார். நானும் காதை ஒட்டி வைத்தேன். மெல்லிய ரீங்காரம் கேட்டது. வெளிச்சத்தை முழுதாகக் கூட்டினால் நின்றது, குறைத்தால் மறுபடி வந்தது.

கருவியில் ஒரு கோளாறும் இல்லை. எனக்குக் கேட்காதது அவருக்குக் கேட்டிருக்கிறது.

ஒண்டிக்கடை என்ற இடத்தில் இருக்கும் எலக்ட்ரிக்கல் கடைக்காரரிடம் சொன்னேன். “அது குண்டு பல்புக்குன்னு செஞ்ச டிம்மருங்க, எல்இடிக்கு ஒத்து வராது. நொம்ப பேரு ஊட்ல இதே கதைதான்” என்றார். மதியமே வந்து, மெயினை அணைத்துவிட்டு, எல்இடிக்கான டிம்மரை மாட்டிக் கொடுத்தார். இரைச்சல் போயே போய்விட்டது.

சாயங்காலம் அவர் கருவியோடு ஹாலில் உட்கார்ந்திருந்தார். சமையலறையில் நான் எனக்குள் ஏதோ முணுமுணுத்தேன்.

“என்னையவா சொன்னே?” என்றார் அங்கிருந்தே.

சந்தோஷம்தான். ஆனால் இனிமேல் நான் எங்கே போய் முணுமுணுப்பது? அனுபவசாலிகள் வழி சொல்லுங்கள்.