சம்பந்தியை நீ என்றேன்

எங்கள் பக்கம் சம்பந்தி என்றால், வயதில் சின்னவராக இருந்தாலும் 'வாங்க, இருங்க' தான். கல்யாணத்தில் ஒரு வார்த்தை குறைத்துக் கூப்பிட்டதற்காக வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாத குடும்பத்தைக் காரைக்குடியிலேயே காட்டுவேன். என் மகள் ஸ்பெயினுக்கு வேலைக்குப் போய் அந்த ஊர்ப் பையனையே கட்டிக்கொண்டாள். சம்பந்தியம்மாவுக்கு ஆங்கிலம் வராது. அதனால் போனை வைத்துக்கொண்டு ஒரு வருடம் ஸ்பானிஷ் படித்தேன். முதலில் மனப்பாடம் செய்தது மரியாதைச் சொல்லைத்தான். நீங்கள் என்பதற்கு 'உஸ்தெத்'. நீ என்பதற்கு 'தூ'. கேட்கவே காறித் துப்புகிற மாதிரி இருக்கிறது, அதைப் போய் யார் சொல்வது?

வாரம் ஒரு தடவை வீடியோவில் பேசுவோம். அந்த அம்மாள் முதல் நாளே என்னை நீ என்றார். எனக்குச் சுருக்கென்றது. அந்த ஊர் வழக்கம் என்று பொறுத்துக்கொண்டேன். நான் மட்டும் உஸ்தெத்தை விடவில்லை.

மகளுக்குத் தலைப்பிரசவம் வந்தது. முறைப்படி இங்கே கூட்டிவந்து பார்க்க வேண்டும்; அவள் வரமாட்டேன் என்றாள். சரி, நாமே போவோம் என்று டிக்கெட் எடுத்தால், குளியலறையில் வழுக்கி விழுந்து எனக்குக் காலில் மாவுக்கட்டு. வலி எடுத்த அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, உள்ள ஒருத்தரத்தான் விடுவாகளாம். இவுக ரத்தத்தப் பாத்தாலே மயங்கி விழுற ஆளு. அத்தை வரலாம், ஆனா யோசிக்கிறாக."

"என்னத்துக்கு யோசிக்கணும்?"

"நீ இன்னும் உஸ்தெத்துன்னே பேசுறியாம். ஒட்டாம இருக்கியாம். ஒனக்குப் பிடிக்காம எப்பிடி உள்ள போறதுன்னு கேக்குறாக."

அடிப் பாவி மகளே, இதை இத்தனை நாள் சொல்லாமல் இருந்தாயே! நான் கொடுத்த மரியாதை அத்தனையையும், வாசலிலேயே நிறுத்திவைத்ததாக அந்த அம்மாள் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். அந்தத் 'தூ'வைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பின்னால் மகள் வலியில் முனகுவது கேட்டது. "நீ உள்ளே போ. அங்கே நீதான் அவளுக்கு அம்மா" என்று ஸ்பானிஷில் சொல்லிவிட்டேன். அவர் அழுதுகொண்டே போனை வைத்தார்.

சாயங்காலம் படம் வந்தது. பேத்தி. சுகப்பிரசவம். மகள் அந்த அம்மாளின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். என் வீட்டுக்காரர் மிட்டாய் வாங்கக் கிளம்பிவிட்டார். நான் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். போகச் சொன்னது நான்தான். ஆனாலும் வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன்.